பின்வரிசை நாற்காலியில் உட்கார்ந்து கணித ஆசிரியருக்கு என்ன உதவி செய்ய முடியும்?

செம்மண்சாலை (செவ்வாய், இரவு 9.40)

வணக்கம். மலேசியாவில், பகாவில் இருக்கிறேன். பதினாறு ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் கணிதம் கற்பித்தேன். மூன்று ஆண்டுகளாகப் பள்ளி பள்ளியாகப் போய்க் கணித ஆசிரியர்களுக்கு வழிகாட்டும் பணி. செம்பனைக் குலை ஏற்றிய லாரிக்குப் பின்னால் ஊர்ந்தே பாதி நாள் கழிகிறது.

போன வாரம் ஒரு தோட்டப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு வகுப்பு. பதினொரு பிள்ளைகள். ஆசிரியை இளையவர், நல்ல உழைப்பாளி. கழித்தல் பாடம். வண்ண அட்டை, பாட்டு, குழுவேலை, ஒன்றிலும் குறை வைக்கவில்லை. நான் வழக்கம்போலப் பின்வரிசையில் நாற்காலி போட்டு, மேற்பார்வைப் பாரத்தில் புள்ளியிட்டுக்கொண்டிருந்தேன். என் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்த பையன் 402 − 168 என்ற கணக்குக்கு 366 என்று எழுதினான். நான் பார்ப்பது தெரிந்ததும் விடையை உள்ளங்கையால் மூடிக்கொண்டான். நானும் பாரத்துக்குத் திரும்பிவிட்டேன். ‘பயிற்றுத் துணைப்பொருள் சிறப்பு, மாணவர் ஈடுபாடு நன்று’ என்று எழுதிக் கையொப்பமிட்டு, கொடுத்த மைலோவைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அந்த உள்ளங்கை இன்னும் உறுத்துகிறது. ஆசிரியையை மதிப்பிட்டேன், அவருக்கு ஓர் எள்ளளவும் உதவவில்லை. என்னைப் போன்ற ஒருத்தி உங்கள் வகுப்புக்கு வந்தால் உண்மையில் என்ன செய்ய வேண்டும்? முகத்துக்காகச் சொல்லாதீர்கள்.

சிலேட்டுக்குச்சி (செவ்வாய், இரவு 10.15)

கேட்டுவிட்டீர்கள், சொல்லிவிடுகிறேன் டீச்சர். ‘இன்ன நாள் வருகிறோம்’ என்று கடிதம் வந்த நிமிடத்திலிருந்து அது பாடமாக இருப்பதில்லை, ஆண்டுவிழா நாடகம் ஆகிவிடுகிறது. ஒருமுறை அதிகாரி முன்னாலேயே என் பிள்ளை ஒருத்தி எழுந்து, “டீச்சர், நேற்றுச் சொன்ன பதிலையே சொல்லட்டுமா?” என்று கேட்டாள். எனக்குப் பூமி பிளக்கவில்லையே என்றிருந்தது.

அதற்காகச் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்காதீர்கள், அது இன்னும் கொடுமை. வகுப்பில் எனக்கு இன்னொரு ஜோடிக் கண்கள் வேண்டும். அவை என்னைப் பார்க்க வேண்டாம். நான் பலகைக்குத் திரும்பும்போது பின்னால் என்ன எழுதுகிறார்கள் என்று பார்த்துச் சொன்னால் போதும்.

பழையமணி (புதன், காலை 6.05)

ஓய்வுபெற்ற தலைமையாசிரியன். முப்பத்து மூன்று ஆண்டுகள், அதில் இருபத்தெட்டு தோட்டப்பள்ளிகளில்.

எங்கள் காலத்தில் வழிகாட்டி என்று யாரும் வந்ததில்லை. காலையில் வாய்பாடு, மாலையில் மனக்கணக்கு. தவறு செய்தால் பிரம்பு. 1999-இல் டிம்ஸ் அனைத்துலகத் தேர்வில் நம் நாட்டுக் கணிதப் புள்ளி 519, 2011-இல் 440. பயிற்சிப் பட்டறையும் பாரமும் பெருகப் பெருகப் புள்ளி இறங்குகிறது. அந்தப் பையனுக்குக் கடன் வாங்கத் தெரியவில்லை. பத்துக் கணக்குக் கொடுத்துப் போடச் சொல்லுங்கள், வந்துவிடும்.

மணிச்சட்டம் (புதன், காலை 7.20)

ஐயா, வணக்கம். எண்கள் சரி, ஆனால் அந்தத் தேர்வை எழுதியவர்கள் இடைநிலைப்பள்ளி இரண்டாம் படிவ மாணவர்கள், இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் அல்லர். நடுவில் 2003-இல் கணிதம் ஆங்கிலத்துக்கு மாறியது, பிறகு திரும்பி வந்தது, 2011-இல் தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டமே மாறியது. எல்லாத் துணியையும் ஒரே கொடியில் காயப்போட முடியாது. முழுநேர வழிகாட்டிகள் வந்ததே 2013–2025 கல்விப் பெருந்திட்டத்தோடுதான். 2011-இன் வீழ்ச்சிக்கு அவர்கள் எப்படிப் பொறுப்பாவார்கள்?

செம்மண்சாலை (புதன், மதியம் 2.30)

ஐயா, “கடன் வாங்கத் தெரியவில்லை” என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். 366 எப்படி வருகிறது என்று போட்டுப் பாருங்கள். ஒன்றுகள் இடத்தில் 2-உம் 8-உம். எட்டிலிருந்து இரண்டு போனால் 6. பத்துகளில் 0-உம் 6-உம். ஆறிலிருந்து பூஜ்யம் போனால் 6. நூறுகளில் 4-இலிருந்து 1 போனால் 3. அவன் கவனக்குறைவாக எதையும் செய்யவில்லை. ஒரு விதியைத் தவறாமல் பின்பற்றுகிறான்: எது பெரியதோ அதிலிருந்து சிறியதைக் கழி.

அந்த விதியை அவனுக்குக் கற்றுக்கொடுத்தது யார்? நாம்தான். முதலாம் ஆண்டில் “சின்ன எண்ணிலிருந்து பெரிய எண்ணைக் கழிக்க முடியாது, பெரியதிலிருந்துதான் கழிக்க வேண்டும்” என்று நானே எத்தனை வகுப்பில் சொல்லியிருக்கிறேன்! பத்துக் கணக்குக் கொடுத்தால் அந்த விதியைப் பத்து முறை பழகுவான்.

செம்பனைக்காடு (புதன், இரவு 8.50)

வேறு மாநிலத்திலிருந்து எழுதுகிறேன். மொத்தப் பள்ளிக்கும் இருபத்தாறு பிள்ளைகள். இரண்டு ஆண்டுகளைச் சேர்த்து ஒரே வகுப்பாக எடுக்கிறேன். என் விருப்பப் பாடம் தமிழ்மொழி. ஆள் இல்லாததால் கணிதமும் என் தலையில்.

எனக்கு வந்த வழிகாட்டி நல்ல மனிதர், மலாய்க்காரர். தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. ஒரு மணி நேரம் சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருந்துவிட்டு, “பிள்ளைகளை மூன்று குழுவாகப் பிரித்துச் சுழற்சி முறையில் நடத்துங்கள்” என்றார். ஐயா, என்னிடம் இருப்பதே ஏழு பேர், அதுவும் இரண்டு ஆண்டு.

அன்று அவர் கண்ணெதிரிலேயே ஒரு சங்கதி நடந்தது. எண் சொல்லி எழுதச் சொன்னேன். “தொண்ணூற்று எட்டு” என்றேன். மூன்று பேர் 108 என்று எழுதினார்கள். அவர் அதைப் பார்த்தார். “இடமதிப்பு பலவீனம்” என்று குறித்துக்கொண்டார். இடமதிப்பில் ஒரு பலவீனமும் இல்லை, காதில் விழுந்தது ‘நூற்று எட்டு’. தமிழ் தெரிந்தவருக்கு அரை நொடியில் பிடிபடும்.

கரும்பலகை (புதன், இரவு 9.10)

அட, ஆமாம்! 900-உம் அப்படித்தான். ‘தொள்ளாயிரம்’ என்றால் ஆயிரத்தை எழுதிவிட்டு விழிப்பார்கள். இத்தனை ஆண்டுகளாகப் பிள்ளைகளைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

மணிச்சட்டம் (புதன், இரவு 9.35)

இதற்கு நம் மொழியிலேயே காரணம் இருக்கிறது. ஒன்பதுக்குத் ‘தொண்டு’ என்றொரு பழம்பெயர் உண்டு. பரிபாடலில் எட்டுக்கு அடுத்து அந்தச் சொல்தான் வருகிறது. இருபது முதல் எண்பது வரை எல்லாம் ‘பது’ என்று முடிய, தொண்ணூறு மட்டும் மேல்வீட்டு நூறைப் பெயரில் சுமக்கிறது. எண்ணூறுக்கு அடுத்த தொள்ளாயிரமும் அப்படியே ஆயிரத்தைச் சுமக்கிறது. பெயரை வைத்து மதிப்பைக் கண்டுபிடிக்கிற பிள்ளை இங்கேதான் தடுக்கி விழும், அதுவும் கெட்டிக்காரப் பிள்ளையாக இருந்தால்.

செம்பனைக்காடு (புதன், இரவு 9.50)

நான் செய்தது இதுதான். அந்த மூவரில் ஒருத்தியிடம் மலாயில் “செம்பிலான் பூலோ லாப்பான்” என்றேன். டக்கென்று 98 எழுதினாள். மலாயில் ‘ஒன்பது பத்து எட்டு’ என்று இடமதிப்பைச் சொல்லே காட்டிக்கொடுக்கிறது. பிறகு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினோம்.

பழையமணி (வியாழன், காலை 5.55)

தமிழ்ப்பள்ளியில் தமிழ் எண்ணைப் புரிய வைக்க மலாய் வேண்டுமா? இன்று எண், நாளை முழுப் பாடமும் என்று போகும். கணிதத்தை ஆங்கிலத்தில் கற்பிக்கும் இருமொழிப் பாடத்திட்டத்துக்கு எதிராக 2016-இலிருந்து நாம் போட்ட கூச்சலெல்லாம் எதற்கு?

செம்பனைக்காடு (வியாழன், காலை 6.40)

ஐயா கோபப்படாதீர்கள். லயத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளை இந்தோனேசியர். விளையாட்டில் எண்ணுவதே அந்த மொழியில்தான். தெரிந்ததைக் கொண்டு தெரியாததைத் தொட்டேன். கடைசியில் அவள் சொன்னது ‘தொண்ணூற்று எட்டு’ என்றுதானே.

தாமான்வாசி (வியாழன், காலை 9.00)

ஒரு தாயின் கேள்வி. என் மகளின் கணிதப் பயிற்சி நூல் முழுக்கச் ‘சரி’ போட்டிருக்கிறது. கடையில் ஐந்து வெள்ளி கொடுத்து மூன்று வெள்ளி இருபது சென் சாமானுக்கு மீதி எவ்வளவு என்றால் என் முகத்தைப் பார்க்கிறாள். ஆசிரியரைக் குறை சொல்லவில்லை. அந்தச் ‘சரி’களை வைத்து நான் என்ன புரிந்துகொள்வது?

சிலேட்டுக்குச்சி (வியாழன், மதியம் 1.45)

அம்மா, பலகையில் விடை எழுதிய பிறகு பார்த்து எழுதிய ‘சரி’யும் அதில் இருக்கும். என் வகுப்பு நூல்களிலும் இருக்கிறது. ஒப்புக்கொள்கிறேன்.

மணிச்சட்டம் (வியாழன், இரவு 8.15)

தொடக்கக் கேள்விக்கு வருவோம். ஆசிரியர்களுக்கு ஒருவரோடு ஒருவர் அமர்ந்து வழிகாட்டுவது பலன் தருகிறதா என்று 60 ஆய்வுகளைத் திரட்டி அமெரிக்காவில் கிராஃப்ட், பிளேசர், ஹோகன் என்ற மூவர் 2018-இல் ஒரு தொகுப்பாய்வு வெளியிட்டார்கள். கற்பிக்கும் முறையில் கண்ணுக்குத் தெரிகிற முன்னேற்றம். மாணவர் அடைவில் அதைவிடக் குறைவாக, ஆனாலும் முன்னேற்றம். நம் கதைக்கு வேண்டியது அடுத்த செய்தி: சிறிய அளவில் செய்தபோது கிடைத்த பலன், திட்டம் பெரிதானபோது இளைத்துவிட்டது. ஒரே வழிகாட்டிக்குப் பள்ளிகளை அடுக்கிக்கொண்டே போனால் நாற்காலியும் பாரமும்தான் மிஞ்சும்.

ஜாய்ஸ், ஷவர்ஸ் இருவரும் 1980-களிலேயே சொன்னது: பட்டறையில் விளக்கிக் காட்டினால் ஆசிரியருக்குப் புரியும், ஆனால் தன் வகுப்புக்குள் கொண்டுபோக மாட்டார், வகுப்பிலேயே கூட நிற்க ஒருவர் வேண்டும்.

பழையமணி (வியாழன், இரவு 8.40)

அமெரிக்காவில் எங்கே ஐயா தோட்டப்பள்ளி இருக்கிறது?

கரும்பலகை (வியாழன், இரவு 9.20)

நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன், பெயர் தெரியாத இடம் என்பதால். பதினான்கு ஆண்டுகளாகக் கணிதம் கற்பிக்கிறேன். ஆறாம் ஆண்டில் பின்னத்தைப் பின்னத்தால் வகுக்கும்போது இரண்டாவது பின்னத்தைத் தலைகீழாக்கிப் பெருக்க வேண்டும். ஏன் என்று எனக்குத் தெரியாது. யு.பி.எஸ்.ஆர். என்ற ஆறாம் ஆண்டு அரசுத் தேர்வு இருந்த காலத்தில் பட்டறைக்குப் பட்டறை போனோம். எல்லாம் விடை எழுதும் உத்தி, புள்ளி தப்பாமல் எழுதும் உத்தி. 2021-இல் தேர்வு போனது, ஆனால் ‘ஏன்’ என்பதை இதுவரை யாரும் சொல்லித் தரவில்லை. வழிகாட்டியிடம் கேட்கலாம் என்றால், அவர் குறிப்பு எங்கே போகும் என்று தெரியவில்லையே. ‘கரும்பலகைக்குப் பின்னம் தெரியாது’ என்று தலைமையாசிரியர் மேசைக்குப் போனால்?

செம்மண்சாலை (வியாழன், இரவு 10.05)

டீச்சர், உங்களுக்கு விடை தமிழிலேயே இருக்கிறது. முக்காலை அரையால் வகுக்க வேண்டும். முக்கால் என்பது மூன்று கால். அரை என்பது இரண்டு கால். மூன்றுக்குள் இரண்டு எத்தனை தடவை? ஒன்றரை. முக்கால் லிட்டர் பாலை அரை லிட்டர் குவளையில் ஊற்றிப் பாருங்கள்: ஒரு குவளை நிறையும், இன்னொன்றில் பாதி. பகுதி எண்களை ஒன்றாக்கிவிட்டால் தொகுதி எண்களை வகுத்தால் போதும். அந்த வேலையைக் குறுக்கு வழியில் முடித்துக்கொடுப்பதுதான் தலைகீழாக்கல்.

மற்ற கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. என் குறிப்பு தலைமையாசிரியருக்குப் போகிறது.

மணியடிப்பவர் (வெள்ளி, காலை 7.10)

பணியில் இருக்கும் தலைமையாசிரியை. இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். என் பள்ளியில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியக்கூடாதா? நாளைக்குப் பெற்றோர் கேட்டால் நான்தான் பதில் சொல்ல வேண்டும். வழிகாட்டியும் ஆசிரியரும் இரகசியம் பேசிக்கொண்டால் பள்ளி எப்படி நடக்கும்?

சிலேட்டுக்குச்சி (வெள்ளி, மதியம் 2.00)

தெரியட்டும் டீச்சர். எத்தனை முறை சந்தித்தார்கள், எந்தத் தலைப்பு, பிள்ளைகள் எங்கே நிற்கிறார்கள் என்பதெல்லாம் உங்களுக்கு வரட்டும். ஆனால் நான் எதைத் தெரியாது என்று சொன்னேன் என்பது மட்டும் அந்த மேசையோடு நிற்க வேண்டும். ஆண்டு மதிப்பீட்டுப் புள்ளி போடுகிறவர் கையிலேயே அதுவும் போனால், யார் வாயைத் திறப்பார்?

மணியடிப்பவர் (வெள்ளி, மாலை 5.30)

யோசிக்க வேண்டிய விஷயம். முழுதாக ஒப்பவில்லை.

செம்மண்சாலை (மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 4.00)

இழையை மேலே கொண்டுவருகிறேன். அந்தப் பள்ளிக்குத் திரும்பவும் போனேன். பாரத்தைக் காரிலேயே வைத்துவிட்டேன் (மறுநாள் நிரப்பினேன், அதை விடமாட்டார்கள்). பள்ளி முடிந்து வேனுக்காகப் பிள்ளைகள் காத்திருந்த நேரத்தில், சிற்றுண்டிச்சாலை மேசையில் நானும் ஆசிரியையும் பதினொரு நூல்களையும் பரப்பினோம். அவர் பாடத்தைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசவில்லை. “இந்த ஒரு கணக்கை மட்டும் பார்ப்போமா?” என்றேன்.

விடைப்படி அடுக்கினோம். 234 என்று சரியாக எழுதியவர்கள் நால்வர். 366 என்று நால்வர். 244 என்று இருவர். 264 என்று ஒருத்தி.

“ஏழு பேர் தவறு” என்றுதான் ஆசிரியை முதலில் சொன்னார். பிறகு 244-ஐ உற்றுப் பார்த்துவிட்டு, “டீச்சர், இவர்களுக்குக் கடன் வாங்கத் தெரிகிறதே!” என்றார். ஆமாம். நூறிலிருந்து வாங்கியிருக்கிறார்கள், நடுவில் இருந்த பூஜ்யத்தைப் பத்தாக்கியிருக்கிறார்கள், ஒன்றுகளுக்கும் பத்துக் கொடுத்திருக்கிறார்கள். கொடுத்த பிறகு நடுவில் ஒன்பதுதான் மிச்சம் என்பதை மறந்து, பத்திலிருந்தே ஆறைக் கழித்துவிட்டார்கள். 264 எழுதியவள் நூறை உடைத்து, அதில் ஒரு பத்தை நேராக ஒன்றுகளிடம் கொடுத்துவிட்டு நடுவீட்டை எட்டிப் பார்க்கவே இல்லை. அங்கே 0-உம் 6-உம் வந்ததும், பெரியதிலிருந்து சிறியது என்ற பழைய விதிக்குப் போய்விட்டாள். ஒரே சிவப்புக் கோடு போட்ட ஏழு நூல்களில் மூன்று வெவ்வேறு நோய்.

மருந்தை நான் சொல்லவில்லை. ஆசிரியைதான் பண நோட்டு என்றார். நூறு வெள்ளி, பத்து வெள்ளி, ஒரு வெள்ளி, நம் நோட்டுகளே இடமதிப்புப் போல இருக்கின்றன அல்லவா? நான் மனத்துக்குள் கைதட்டினேன். மறுநாள் வகுப்பில் அந்தப் பையனிடம் விளையாட்டு நோட்டு நூறைக் கொடுத்து, “கடையில் மாற்றிக்கொண்டு வா” என்றோம். “இரண்டு ஐம்பது தருவார்கள்” என்றான்! அப்பாவின் சம்பள நாளில் கடைக்குப் போகிற பிள்ளை, அவனுக்குத் தெரியாதா? நோட்டை மூட்டை கட்டினோம்.

பிறகு ஐஸ்கிரீம் குச்சிகள். பத்துப் பத்தாக ரப்பர் வளையம், பத்துக் கட்டைச் சேர்த்து ஒரு பெரிய கட்டு. ஆசிரியை மற்றவர்களைப் பார்த்துக்கொள்ள, நான் நால்வரோடு தரையில் உட்கார்ந்தேன். நாற்காலியில் உட்காராதது இந்த மூன்று ஆண்டுகளில் அன்றுதான். அவன் பெரிய கட்டைப் பிரித்தான். பத்துச் சிறு கட்டுகள். அதில் ஒன்றை எடுத்து உதிர்த்து இரண்டோடு சேர்த்தான், பன்னிரண்டு. மீதியை எண்ணிப் பார்த்துவிட்டு, “நடுவில் ஒன்றுமில்லாமல் இருந்தது, இப்போது ஒன்பது வந்துவிட்டது” என்றான், ஏதோ மாயம் நடந்ததுபோல.

மறுநாள் தாளில் எழுதச் சொன்னபோது அவனும் இன்னொருவனும் மறுபடியும் 366. குச்சிக்கும் தாளுக்கும் நடுவில் பாலம் போட மறந்துவிட்டோம். ஆசிரியை இப்போது கணக்குக்குப் பக்கத்தில் கட்டுகளைப் படமாக வரையச் சொல்கிறார். அடுத்த வாரம் மறுபடியும் நூல்களை அடுக்கிப் பார்ப்போம். இந்த முறை அவரே தொலைபேசியில் அழைத்து நாள் குறித்தார்.

பழையமணி (ஞாயிறு, மாலை 6.20)

நானும் ரப்பர் விதையை வைத்துப் பத்துப் பத்தாகக் குவித்துக் காட்டியவன்தான். அப்போது தோட்டம் முழுக்கக் கித்தா மரம், விதைக்குப் பஞ்சமில்லை. ஆனால் 366-ஐயும் 244-ஐயும் பிரித்துப் பார்த்ததில்லை. இரண்டுக்கும் ஒரே பிரம்புதான்.

264 எழுதிய அந்தப் பிள்ளை என்ன ஆயிற்று?

செம்மண்சாலை (ஞாயிறு, இரவு 9.15)

அவள் இந்த வாரம் வரவில்லை ஐயா. அப்பாவுக்கு வேறு தோட்டத்தில் வேலை, குடும்பமே மாறிப்போய்விட்டது. பள்ளி மாற்றுக் கோப்பில் ஆசிரியை தன் கையால் ஒரு துண்டுச் சீட்டு எழுதி வைத்திருக்கிறார்: “நூறை உடைக்கத் தெரியும். பத்தை ஒன்றுகளிடம் கொடுத்துவிடுவாள். மிச்சம் இருந்த தொண்ணூறு எங்கே என்று அவளிடம் கேளுங்கள்.”